புல்வெளியில் ஹாம் ரேடியோ: வாசகர் கேள்விகளும் பதில்களும்

போன இதழில், அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில் உள்ள ஃபிளின்ட் ஹில்ஸ் புல்வெளிப் பூங்காவுக்கு எங்கள் ஹாம் ரேடியோ கிளப் போய் ஒரு பகல் முழுக்க அங்கிருந்து பேசிவிட்டு வந்ததைப் பற்றிச் சின்னக் குறிப்பு ஒன்று எழுதியிருந்தேன். அதற்கு வந்த கேள்விகள் நிறைய. ஒரே விஷயத்தைப் பலர் கேட்டிருந்தால் சேர்த்துக்கொண்டேன். பெயர் வேண்டாம் என்று சிலர் கேட்டதால் எல்லோருக்கும் ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

ஹாம் ரேடியோ என்றால் எஃப்.எம். மாதிரி ஒலிபரப்பா? அதைச் செய்ய எதற்குப் பூங்காவுக்குப் போக வேண்டும்? — வாசகி, திண்டுக்கல்

ஒலிபரப்பு இல்லை. பாட்டுப் போட முடியாது, விளம்பரம் செய்ய முடியாது, காசு வாங்கிக்கொண்டு யாருக்கும் தகவல் அனுப்ப முடியாது. பரீட்சை எழுதி அரசிடம் உரிமம் வாங்கிய ஒருவர், அதே மாதிரி உரிமம் உள்ள இன்னொருவரோடு ரேடியோ வழியாக நேரடியாகப் பேசுவதுதான் ஹாம் ரேடியோ. ஒவ்வொருவருக்கும் உலகில் வேறு யாருக்கும் இல்லாத ஓர் அழைப்புக்குறி உண்டு. நடுவில் செல்போன் கோபுரம், இணையம், கம்பெனி எதுவும் வேண்டாம். என் கம்பியிலிருந்து கிளம்பும் அலை வானத்தில் மின்னேற்றம் பெற்ற காற்று அடுக்கான அயனி மண்டலத்தில் பட்டு வளைந்து உங்கள் கம்பிக்கு வந்து சேர்கிறது, அவ்வளவுதான்.

பூங்கா எப்படி வந்தது என்றால், அமெரிக்காவின் தேசியப் பூங்காத் துறை 1916-ல் தொடங்கியது. நூறாவது ஆண்டான 2016-ல் அங்குள்ள ஹாம்களின் தேசியச் சங்கமான ஏ.ஆர்.ஆர்.எல்., ‘தேசியப் பூங்காக்களுக்குப் போய் அங்கிருந்து பேசுங்கள்’ என்று ஓர் ஆண்டு நிகழ்ச்சி நடத்தியது. அந்த ஒரே வருடத்தில் பத்து லட்சத்துக்கு மேல் தொடர்புகள் நடந்தன. வருடம் முடிந்த பிறகும் யாருக்கும் நிறுத்த மனமில்லை. அதிலிருந்து முளைத்ததுதான் இப்போது பல நாடுகளில் நடக்கும் ‘பார்க்ஸ் ஆன் தி ஏர்’. விதி எளிது: நீங்களும் உங்கள் கருவி முழுவதும் பூங்காவின் எல்லைக்குள் இருக்க வேண்டும், ஒரு நாளில் குறைந்தது 10 தொடர்பு செய்ய வேண்டும். வீட்டில் இருந்தபடி பூங்காக்காரர்களைத் தேடிப் பிடிப்பவர்கள் ‘ஹண்டர்’. பூங்காவில் உட்கார்ந்து கூப்பிடுபவர் ‘ஆக்டிவேட்டர்’. இரண்டு பக்கமும் பூங்காவாக அமைந்துவிட்டால் அன்றைக்கு இரட்டைச் சந்தோஷம்.

அமெரிக்காவில் மலை, அருவி, ராட்சத மரம் என்று எத்தனையோ பூங்கா இருக்க, வெறும் புல்லைப் பார்க்கவா அவ்வளவு தூரம் போனீர்கள்? — வாசகர், ஈரோடு

ஆமாம், புல்லைப் பார்க்கத்தான். முதல் முறை வண்டியை விட்டு இறங்குபவர்களுக்கு ஒன்றுமே இல்லாத மாதிரிதான் தோன்றும். கொஞ்ச நேரம் நின்று பாருங்கள், புரியும்.

வட அமெரிக்காவின் நடுப்பகுதியில் ஒரு காலத்தில் ஏறக்குறைய 17 கோடி ஏக்கருக்கு இந்த உயர்புல் வெளி இருந்தது. இன்றைக்கு அதில் நூற்றுக்கு நாலு பங்கு கூட மிச்சமில்லை. மற்றதெல்லாம் உழுது மக்காச்சோளக்காடும் சோயாக்காடும் ஆகிவிட்டது. மிஞ்சியதில் பெரும்பகுதி இந்த ஃபிளின்ட் ஹில்ஸில்தான் இருக்கிறது, காரணம் மண்ணுக்கு அடியில் இருக்கும் கல். மேலே கொஞ்சம்போல மண், அதற்குக் கீழே சுண்ணாம்புப் பாறையும் அதற்குள் சக்கிமுக்கிக் கல்லும். கலப்பை இறங்கவில்லை. உழ முடியாததால் மாடு மேய்த்தார்கள், மாடு மேய்த்ததால் புல் பிழைத்தது. கல்லுக்கு நாம் நன்றி சொல்ல வேண்டிய இடம் இது.

அங்கே ஸ்ட்ராங் சிட்டி என்ற சிற்றூருக்கு வடக்கே, ஏறக்குறைய 11,000 ஏக்கரை 1996-ல் தேசியப் பாதுகாப்பிடமாக அறிவித்தார்கள். நிலத்தில் பெரும்பங்கு நேச்சர் கன்சர்வன்சி என்ற அமைப்புக்குச் சொந்தம், நிர்வாகத்தில் தேசியப் பூங்காத் துறையும் கூட்டு. நுழைவுக் கட்டணம் கிடையாது. 1881-ல் சுண்ணாம்புக்கல்லில் கட்டிய ஒரு பண்ணை வீடும் பெரிய தொழுவமும் இன்னும் கம்பீரமாக நிற்கின்றன. பிக் புளூஸ்டெம் என்ற புல் செப்டம்பர் வாக்கில் நல்ல இடத்தில் ஆள் உயரத்தைத் தாண்டி நிற்கும். அதன் வேர் பத்தடிக்குக் கீழே கூடப் போகும். அதனால்தான் வசந்தத்தில் தீ வைத்து எரித்தாலும் சில வாரத்தில் பச்சென்று திரும்ப எழுந்துவிடுகிறது. தீ வைப்பது அங்கே பராமரிப்பு வேலை. எரிக்காமல் விட்டால் புதரும் மரமும் ஏறிப் புல்வெளியை மூடிவிடும்.

இந்த நிலம் காலியாகக் கிடந்தது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கன்சாஸுக்குப் பெயர் கொடுத்த கான்ஸா மக்களும், ஓசேஜ் மக்களும் வேட்டையாடி வாழ்ந்த பூமி. கான்ஸா மக்களை 1873-ல் இன்றைய ஒக்லஹோமா பக்கம் அனுப்பிவிட்டார்கள். அங்கே போய் உட்காரும் எவரும் இதைத் தெரிந்துகொண்டு உட்கார வேண்டும் என்று நினைக்கிறேன்.

புல்வெளியில் மரமே இருக்காதே. ஆன்டெனாவை எதில் கட்டினீர்கள்? — வாசகர், கோயம்புத்தூர் (பொறியியல் மாணவர்)

நல்ல கேள்வி. காட்டுப் பூங்கா என்றால் ஒரு கல்லில் கயிறு கட்டி மரக்கிளை மேல் வீசி, கம்பியை இழுத்துவிடலாம். இங்கே ஓடைக்கரையில் சில மரங்கள் உண்டு. ஆனால் அவற்றைத் தொடுவதில்லை என்று எங்களுக்குள் முடிவு. பூங்கா அலுவலகத்துக்கு முன்கூட்டியே எழுதிக் கேட்டோம். கார் நிறுத்துமிடத்தின் ஓரமாக, மற்றவர் நடக்கும் வழியில் குறுக்கே எதுவும் வராமல் அமைத்துக்கொள்வதாகச் சொன்னோம். தரையில் முளை அடிப்பதும் இல்லை. தேசியப் பூங்காக்களில் மண்ணைக் கிளறுவது பொதுவாகவே கூடாது. அடித்தாலும், முன்னே சொன்னேனே அந்தக் கல், அது முளையை வளைத்துத் திருப்பி அனுப்பிவிடும்.

அதனால் செய்தது இது. நீட்டினால் 10 மீட்டர் வரும் ஃபைபர் கிளாஸ் கம்பம், மடக்கினால் தோளில் மாட்டிக்கொள்ளும் அளவு. இரும்புத் தகடு ஒன்றில் குழாயைப் பற்றவைத்து, தகட்டின் மேல் காரின் டயரை ஏற்றி நிறுத்திவிட்டால் குழாய் அசையாது. கம்பத்தை அந்தக் குழாயில் செருகிவிடலாம். மூன்று பக்கம் கயிறு. கயிற்றின் மறுமுனை தண்ணீர் நிரப்பிய 20 லிட்டர் கேனில். கிளம்பும்போது தண்ணீரைக் கொட்டிவிட்டால் சுமையும் இல்லை, தரையில் அடையாளமும் இல்லை.

கம்பத்தின் உச்சியிலிருந்து இரண்டு பக்கமும் சரிந்து இறங்கும் கம்பிதான் ஆன்டெனா, தலைகீழ் ‘வி’ மாதிரி. அலையின் நீளத்தில் கால் பங்கு ஒவ்வொரு பக்கமும்: 20 மீட்டர் அலைக்கு 5 மீட்டர், 40 மீட்டர் அலைக்கு 10 மீட்டர். கணக்கு அவ்வளவுதான், கடையில் வாங்க வேண்டிய அவசியமில்லை, சாதாரண ஒயரே போதும். கன்சாஸில் காற்று நிற்காது. கம்பம் வில்லாக வளைந்து நிமிரும்போது இறுக்கிக் கட்டிய ஒயர் அறுந்துவிடும் என்பதால் முனையில் ஒரு ரப்பர் கயிறு சேர்ப்பது அவசியம். ரேடியோவும் ஆன்டெனாவும் சேர்ந்ததை நிலையம் என்போம்; அன்று இரண்டு வைத்தோம். இரண்டாவது நிலையத்துக்குச் செங்குத்தாக நிற்கும் 5 மீட்டர் கம்பி, அதன் காலடியிலிருந்து புல்லுக்குள் நாலாபுறமும் விரித்த ரேடியல் கம்பிகள். புல்லுக்குள் ஒயர் கண்ணுக்குத் தெரியாது, குழந்தைகள் ஓடி வந்து தடுக்கி விழுவார்கள், ஆகவே அடிக்கு ஓர் ஆரஞ்சு ரிப்பன். சமவெளி மண் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். செங்குத்து ஆன்டெனாவுக்கு இதைவிட நல்ல இடம் கடலோரம்தான்.

இரண்டு நிலையத்தையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தால் ஒன்று பேசும்போது மற்றது செவிடாகிவிடும். முடிந்தவரை தள்ளி வையுங்கள், ஒவ்வொன்றுக்கும் அந்தந்த அலைக்கான ஃபில்டர் போடுங்கள்.

வீட்டில் கேட்காத நிலையங்கள் எல்லாம் அங்கே தெளிவாகக் கேட்டன என்று எழுதியிருந்தீர்கள். வீட்டிலும் அதே ரேடியோதானே? உயரமான இடம் என்பதாலா? — வாசகர், மதுரை

உயரம் காரணமில்லை. இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் நாங்கள் புல்வெளிக்குப் போவதற்கு உண்மையான காரணமே இதுதான். எல்லோரும் பேசுவதற்காகப் போகிறோம் என்று நினைக்கிறார்கள். நாங்கள் போவது கேட்பதற்காக.

இன்றைய வீட்டில் எதைத் தொட்டாலும் ரேடியோ இரைச்சல். செல்போன் சார்ஜர், எல்.இ.டி. பல்பு, டி.வி., வாஷிங் மெஷின், மாடியில் சோலார் இன்வெர்ட்டர், பக்கத்து வீட்டு வை-ஃபை பெட்டிக்குக் கரன்ட் கொடுக்கும் சின்ன கறுப்பு டப்பா. ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விடுகிறது. எல்லாம் சேர்ந்து ‘ஸ்ஸ்ஸ்’ என்று ஒரு சுவர். அந்தச் சுவருக்கு அப்பால் யார் பேசினாலும் நமக்குத் தெரியாது.

வந்து சேரும் அலையின் வலுவைக் காட்ட ரேடியோவில் எஸ் மீட்டர் என்று ஒரு முள் இருக்கும். நகரத்தில் எங்கள் உறுப்பினர் பலர் வீட்டில் யாரும் பேசாதபோதே அது 7-ல் நிற்கிறது. புல்வெளியில் ஆன்டெனாவைச் செருகியபோது 1-ஐ ஒட்டிக் கிடந்தது. முதலில் பார்த்தவர் ஆன்டெனா ஒயர் சரியாக மாட்டவில்லை என்று நினைத்துத் திருகிப் பார்த்தார். ஒயர் சரியாகத்தான் இருந்தது. அங்கே இரைச்சல் இல்லை.

இதன் கணக்கைப் பாருங்கள். முள்ளில் ஒரு படி என்பது சக்தியில் நாலு மடங்கு. 7-லிருந்து 1-க்கு ஆறு படி. நாலை ஆறு தடவை பெருக்கினால் 4,096. அதாவது உங்கள் வீட்டு இரைச்சல் நாலாயிரத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது. சரி, இப்போது அடுத்த பக்கம். அமெரிக்காவில் சட்டப்படி அனுப்பக்கூடிய உச்சபட்ச சக்தி 1,500 வாட். சாதாரண ரேடியோ 100 வாட். பெரிய பணம் கொடுத்து ஆம்ப்ளிஃபயர் வாங்கி 1,500 வாட் வைத்தாலும் கிடைப்பது பதினைந்து மடங்கு, முள்ளில் இரண்டு படி. எந்த ஆம்ப்ளிஃபயராலும் வாங்க முடியாததை ஒரு டேங்க் பெட்ரோலில் போய்ப் பெற்றுக்கொள்கிறோம். புதிதாக வருபவர்கள் எல்லோரும் ‘எத்தனை வாட் வாங்கலாம்’ என்றுதான் முதலில் கேட்கிறார்கள். அமைதியான இடம் எங்கே இருக்கிறது என்று தேடுங்கள் என்று சொல்வதே என் வழக்கம்.

அன்றைக்கு மெய்ன் மாநிலத்தில் ஒரு பூங்காவிலிருந்து ஒருவர், 2,000 கிலோமீட்டருக்கு அப்பால், 5 வாட்டில் கூப்பிட்டார். 5 வாட் என்பது இரவு விளக்கு எரியும் அளவு. முள் நகரவே இல்லை, ஆனால் குரல் காதில் விழுந்தது, அழைப்புக்குறியின் ஒவ்வோர் எழுத்தும் தெளிவாக. எங்கள் உறுப்பினர் யாருடைய வீட்டிலும் அவர் கேட்டிருக்கவே மாட்டார்.

முழு அமைதி என்று சொல்லிவிட முடியாது. சுற்றிலும் மாட்டுப் பண்ணைகள். மின்வேலி எங்காவது புல்லில் உரசினால் நொடிக்கு ஒன்றாக ‘டிக்… டிக்… டிக்’ என்று வரும். ஆன்டெனாவைத் திருப்பியோ கொஞ்சம் தள்ளியோ வைத்தால் குறையும், ரேடியோவில் நாய்ஸ் பிளாங்கர் பொத்தானும் இதற்கென்றே இருக்கிறது.

அங்கிருந்து சென்னையோடு பேச முடிந்ததா? — வாசகர்கள், சென்னை, தாம்பரம், புதுச்சேரி

அன்று இல்லை. ஏன் என்று சொல்கிறேன், சுவாரசியமானது.

சென்னை இருப்பது கிழக்குத் தீர்க்கரேகை 80-ல். ஃபிளின்ட் ஹில்ஸ் இருப்பது மேற்கு 96-ல். இரண்டையும் கூட்டினால் 176. பூமியின் அரை வட்டம் 180. அதாவது சென்னைக்கு நேர் எதிர்ப்புறத் தீர்க்கரேகையில் கிட்டத்தட்ட உட்கார்ந்திருக்கிறோம். அங்கிருந்து சென்னைக்கு மிகக் குறுகிய வழி கிழக்கும் இல்லை மேற்கும் இல்லை, நேர் வடக்கே போய் வட துருவத்தை ஒட்டிக் கடந்து மறுபக்கம் இறங்க வேண்டும், ஏறக்குறைய 14,300 கிலோமீட்டர். துருவத்தைச் சுற்றி இருக்கும் வளையத்தில் சூரியனிலிருந்து வரும் துகள்கள் அயனி மண்டலத்தைக் கலக்கிக்கொண்டே இருக்கும். இரவு வானில் அரோரா என்ற வண்ண ஒளி தெரியும் அதே வளையம்தான். அந்த வழியாகப் போகும் அலையை அது விழுங்கிவிடும், அல்லது குரல் தண்ணீருக்குள் இருந்து வருவது மாதிரி நடுங்கும். காந்தப் புயல் இல்லாத அமைதியான நாளில், காலையிலோ மாலையிலோ இரண்டு ஊருக்கும் வெளிச்சம் ஒத்துவரும் கொஞ்ச நேரம் வழி திறக்கும். முடியாத காரியமில்லை, ஆனால் பூங்காவில் ஒரு பகலில் எதிர்பார்க்கக் கூடாது.

அதே நேரம் உள்நாட்டுக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது. அலாஸ்காவும் ஹவாயும் நீங்கலாக உள்ள 48 மாநிலங்களின் நடுப்புள்ளி இதே கன்சாஸில் லெபனான் என்ற ஊர்ப்பக்கம் இருக்கிறது. பகலில் 20 மீட்டர் அலையில் இரண்டு கடற்கரையும் ஒரே தாவலில் எட்டிவிடும். பக்கத்து மிசௌரியும் நெப்ராஸ்காவும் அந்த அலையில் தலைக்கு மேலே தாண்டிப் போய்விடும், அவர்களுக்கு 40 மீட்டர். அதற்காகத்தான் இரண்டு நிலையம் வைத்தோம்.

‘மாலை ஏழு மணிக்கு எல்லோரும் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்கள்’ என்று எழுதியிருந்தீர்களே, புரியவில்லை. — வாசகி, கும்பகோணம்

ஹாம்களின் நாள் உலகப் பொது நேரப்படி மாறும், யு.டி.சி. என்பார்கள். கன்சாஸில் கோடையில் அந்த நள்ளிரவு மாலை 7 மணிக்கே வந்துவிடும், குளிர்காலத்தில் 6-க்கு. உங்களுக்கு அதிகாலை 5.30. பத்துத் தொடர்பும் ஒரே யு.டி.சி. நாளுக்குள் முடிய வேண்டும் என்பதால் 6.50-க்கு எட்டு செய்துவிட்டு உட்கார்ந்திருப்பவர் பதற்றத்தில் இருப்பார். ஏழு அடித்துவிட்டால் அந்த எட்டும் இந்தக் கணக்கில் சேராது. ஏற்கெனவே பத்தை முடித்தவருக்கோ இது லாபம், இன்னொரு பத்துச் செய்தால் இரண்டு நாள் கணக்கு.

எனக்கு 8 வயதில் ஒரு மகள். நாங்கள் கேன்சஸ் சிட்டி பக்கம் இருக்கிறோம். உரிமம் இல்லாமல் அவள் மைக்கில் பேசலாமா? — வாசகி, ஓவர்லேண்ட் பார்க்

தாராளமாக. உரிமம் உள்ளவர் பக்கத்திலேயே உட்கார்ந்து, ரேடியோ அவர் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும்; அவருடைய அழைப்புக்குறியில்தான் பேச வேண்டும். அமெரிக்காவுக்குள் யாரோடும் பேசலாம். வேறு நாட்டுக்காரர் பதில் சொன்னால் மட்டும் கவனம் வேண்டும்: இப்படி மூன்றாவது ஆள் பேசுவதற்கு ஒப்பந்தம் செய்துள்ள நாடுகளோடு மட்டுமே அனுமதி, கனடா, மெக்சிகோ எல்லாம் உண்டு, இந்தியா அந்தப் பட்டியலில் இல்லை. கிளப் ஆட்களுக்கு இது தெரியும், மைக்கைத் தாங்களே வாங்கிக்கொள்வார்கள்.

அங்கே உரிமம் வாங்கக் குறைந்தபட்ச வயது என்று ஒன்று கிடையாது. முதல் நிலையான டெக்னீஷியன் பரீட்சையில் 35 கேள்வி, 26 சரியாக இருந்தால் தேர்ச்சி. கேள்வி வங்கி முழுவதையும் முன்பே வெளியிட்டுவிடுகிறார்கள், ஒளிவு மறைவு இல்லை. உரிமக் கட்டணம் 35 டாலர், பத்து வருடம் செல்லும். ஆனால் 20 மீட்டர் அலையில் பேச அடுத்த நிலையான ஜெனரல் வேண்டும். எட்டு வயதுக் குழந்தையிடம் பரீட்சையைப் பற்றிப் பேச்செடுக்காதீர்கள். முதலில் புல்வெளிக்குக் கூட்டிப் போங்கள். ‘கிலோ’, ‘ஆஸ்கர்’ என்று எழுத்துக்குப் பெயர் சொல்லிப் பேசுவது குழந்தைகளுக்கு மிகவும் பிடிக்கும். அன்று வந்திருந்த ஒரு பையன் அழைப்புக்குறிகளை நோட்டில் எழுதும் பொறுப்பை எடுத்துக்கொண்டு, பெரியவர்கள் தவறவிட்ட எழுத்தை எல்லாம் அவனே சொல்லிக்கொண்டிருந்தான். அந்தக் காது நமக்கு வராது.

நான் இந்திய உரிமம் வைத்திருக்கிறேன், வி.யு.2. மகன் வீட்டுக்கு விச்சிட்டா வருகிறேன். அங்கே பேச முடியுமா? — வாசகர், திருநெல்வேலி

முடியும் ஐயா. இரண்டு நாட்டுக்கும் இடையே ஒப்பந்தம் இருக்கிறது, தனி அனுமதி வாங்க வேண்டாம். நீங்கள் இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும், உரிமமும் பாஸ்போர்ட்டும் கையில் இருக்கட்டும். அமெரிக்க அழைப்புக்குறிகளில் கன்சாஸ் பூஜ்யம் எண் மண்டலம் என்பதால் ‘டபிள்யூ0’ என்று முன்னால் சேர்த்து, அப்புறம் உங்கள் வி.யு.2 குறியைச் சொல்ல வேண்டும். உங்கள் உரிமம் இந்தியாவில் என்ன அனுமதிக்கிறதோ அது வரைதான், அதோடு அமெரிக்க எல்லைகளும் பொருந்தும். உதாரணமாக, 20 மீட்டரில் 14.150 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே அமெரிக்காவில் குரலில் பேசக் கூடாது. 40 மீட்டரில் அவர்கள் 7.300 வரை பேசுவார்கள், நீங்கள் 7.200-ஓடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

அந்த ஊர்ப் பக்கம் கிளப்புகள் நிறைய உண்டு. முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லுங்கள், கூட்டிப் போக ஆள் வருவார்கள்.

வெட்டவெளியில் பத்து மீட்டர் கம்பம். இடி விழாதா? — வாசகர், நாகர்கோவில்

விழும், விழலாம். இதில் எந்தச் சமாதானமும் கிடையாது. அந்த நிலத்தில் உயரமான பொருள் உங்கள் கம்பம்தான், அதன் அடியில் ஒயர் வழியாக உங்கள் கை வரைக்கும் இணைப்பு இருக்கிறது.

நல்லவேளையாக ரேடியோவே முதலில் எச்சரிக்கும். மேகம் அடிவானத்தில் தெரிவதற்கு முன்பே 40 மீட்டரில் ‘கர்ர்ர்க்’ என்று வெடிப்புச் சத்தம் வர ஆரம்பிக்கும். ஒவ்வொரு வெடிப்பும் எங்கோ ஒரு மின்னல். அது தூரத்துப் புயலாகவும் இருக்கலாம், ஆனால் சத்தம் நெருங்கி நெருங்கி வந்தால் போனில் ரேடார் படத்தைப் பாருங்கள். கம்பத்தை இறக்குவதென்றால் அப்போதே இறக்க வேண்டும். இடிச்சத்தம் காதில் விழுந்துவிட்டால் கம்பத்தைத் தொடவே கூடாது. அப்படியே விட்டுவிட்டுக் காருக்குள் ஏறிக் கதவை மூடுங்கள். கடைசி இடி கேட்டு முப்பது நிமிடம் ஆகும் வரை இறங்காதீர்கள். கருவி போனால் வாங்கிக்கொள்ளலாம். கன்சாஸ் சூறாவளி நாடு வேறு. அங்குள்ள ஹாம்கள் பலர் வானிலைத் துறையின் ஸ்கைவார்ன் பயிற்சி எடுத்து, சூறாவளியைக் கண்ணால் பார்த்துத் தகவல் சொல்லும் தன்னார்வலர்கள். அப்படி ஒருவர் கூட இருந்தால் அவர் ‘போதும், கிளம்பலாம்’ என்றவுடன் கிளம்ப வேண்டும், விவாதம் கூடாது.

காட்டெருமை திரியுமாமே? — வாசகி, தேனி

பைசன். 2009-ல் தெற்கு டகோட்டாவிலிருந்து கொண்டுவந்து விட்டார்கள். அவற்றுக்கு வேலியிட்ட தனிப் பெரிய மேய்ச்சல் நிலம் இருக்கிறது, நடைபாதை அதற்குள்ளும் போகும். நூறு கெஜம் தள்ளியே நில்லுங்கள், கன்றோடு இருந்தால் இன்னும் தள்ளி. ரேடியோ அமைப்பை அந்தப் பக்கம் கொண்டுபோகவே வேண்டாம். உண்மையில் தொந்தரவு தருவது உண்ணிதான். முழுக்கால் பேன்ட், பேன்ட்டைச் சாக்ஸுக்குள் சொருகிக்கொள்ளுங்கள், வீட்டுக்குப் போனதும் கால் மடிப்பு, காதுக்குப் பின்னால் எல்லாம் பாருங்கள்.

மோர்ஸ் கோடு இன்னும் இருக்கிறதா? — வாசகர், விருதுநகர்

இருக்கிறது, நன்றாகவே இருக்கிறது. அமெரிக்காவில் பரீட்சையிலிருந்து 2007-ல் எடுத்துவிட்டார்கள், அதற்குப் பிறகு விருப்பப்பட்டுக் கற்பவர்கள்தான். குரலை விட மிகக் குறுகிய அலைவரிசை எடுத்துக்கொள்ளும், எனவே 5 வாட் வெகுதூரம் போகும். பேட்டரியும் நீடிக்கும்.

பேட்டரி ஒரு நாள் தாங்குமா? ஜெனரேட்டர் வைத்தீர்களா? — வாசகர், சேலம்

ஜெனரேட்டர் கூடாது என்பது என் கட்சி. சத்தம் போடும், புகை விடும், அதில் சில மாடல் ரேடியோ இரைச்சலும் கிளப்பும். வந்த அமைதியை நாமே கெடுப்பானேன். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி, 12 வோல்ட், 20 ஆம்பியர்-மணி. 100 வாட் ரேடியோ பேசும் கணத்தில் 20 ஆம்பியர் வரை இழுக்கும், ஆனால் கேட்கும்போது ஒரு ஆம்பியர் அளவுதான். பாதி நேரத்துக்கு மேல் கேட்டுக்கொண்டுதானே இருக்கிறோம். சக்தியை 50 வாட்டுக்குக் குறைத்தால் எதிர்முனையில் முள் அரைப் படிதான் இறங்கும். அப்படியே குறைத்து வைத்துக்கொண்டு சிறிய சோலார் பலகையும் சேர்த்தால் ஒரு பகல் ஓடிவிடும்.

இதெல்லாம் பொழுதுபோக்கு, சரி. ஆபத்து நேரத்தில் உதவுமா? — வாசகர், நாகப்பட்டினம்

உங்கள் ஊர்க்காரருக்கு இதைக் கேட்கும் உரிமை அதிகம். 2004 டிசம்பரில் பாரதி பிரசாத் தலைமையில் ஒரு ஹாம் குழு, பல வருடம் அனுமதிக்காகக் காத்திருந்து அந்தமானுக்குப் போயிருந்தது. உலகெங்கும் உள்ள ஹாம்களோடு பேசுவதுதான் அவர்கள் போன காரியம். 26-ஆம் தேதி சுனாமி வந்தது. தொலைபேசி எல்லாம் போன நிலையில் போர்ட் பிளேரில் அவர்கள் வைத்திருந்த அதே ரேடியோ, அதே ஆன்டெனா, தீவுகளுக்கும் நிலப்பகுதிக்கும் இடையே தகவல் சொல்லத் திரும்பியது. பொழுதுபோக்குக்குத் தூக்கிப்போன கருவிதான் அது. மின்சாரம் இல்லாத இடத்தில், கடை இல்லாத இடத்தில், காற்றுக்கு நடுவே கம்பத்தை நிறுத்தி முதல் குரலைப் பிடிக்கத் தெரிந்த கை வேண்டும். அமெரிக்கர்கள் 1933 முதல், இரண்டாம் உலகப் போர்க் காலம் நீங்கலாக, ஒவ்வொரு ஜூனிலும் ‘ஃபீல்ட் டே’ என்று இதற்காகவே ஒரு வார இறுதி ஒதுக்குகிறார்கள். பூங்காவுக்குப் போகிறவர்கள் அதை வருடம் முழுக்கப் பழகிக்கொள்கிறார்கள்.

தமிழ்நாட்டில் இருந்தபடி நாங்கள் இதைச் செய்ய முடியுமா? — பலர்

முடியும். இந்தியப் பூங்காக்களும் ‘பார்க்ஸ் ஆன் தி ஏர்’ பட்டியலில் உண்டு. மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூ.பி.சி. பிரிவு நடத்தும் பரீட்சை எழுத வேண்டும், 12 வயது நிரம்பியிருந்தால் போதும். ரெஸ்ட்ரிக்டட், ஜெனரல் என்று இரண்டு நிலை. முதலாவதில் வி.யு.3, இரண்டாவதில் வி.யு.2. உரிமம் கைக்கு வரும் முன் கேட்க மட்டும் செய்யலாம், அதை இன்றைக்கே ஆரம்பியுங்கள்.

வனத்துறைக்கு உட்பட்ட இடம் என்றால் ஒன்று கட்டாயம்: மாவட்ட வன அலுவலருக்கு எழுத்தில் கொடுத்து, எழுத்திலேயே அனுமதி வாங்குங்கள், உரிமத்தின் நகலை இணைத்து, என்ன கருவி, எத்தனை பேர், எந்த நேரம் என்று குறிப்பிட்டு. வயர்லெஸ் பெட்டியும் நீளக் கம்பமுமாகக் காட்டோரம் நிற்பவரைக் காவலர் சந்தேகப்பட்டால் அது அவருடைய வேலை. தனியாகப் போகாதீர்கள், பழைய ஹாம் ஒருவரைச் சேர்த்துக்கொண்டு போங்கள். எங்கே போனாலும், பேச ஆரம்பிக்கும் முன் ஒரு பத்து நிமிடம் மைக்கைத் தொடாமல் அலைவரிசை முழுக்கச் சுற்றிக் கேளுங்கள். எந்த இடத்தில் எவ்வளவு இரைச்சல் என்று நோட்டில் குறித்துக்கொண்டு, அந்தக் குறிப்பை எனக்கு அனுப்பினால் அடுத்த இதழில் ஊர்வாரியாகப் போடுகிறேன்.